ஏறியவர் இறங்கினாரா என்று கேட்கும் அனுமதி வேண்டும்

திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு எல்லையை ஒட்டி நிற்கும் மலைகளுக்குள் போக யாரிடம் அனுமதி கேட்பது? ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் நாகலாபுரம் மலை. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஆரம்பாக்கம், தடா வழியே போய் வரதய்யபாளையம் பக்கம் திரும்பினால் உப்பலமடுகு. நம் ஊர்ப் பேச்சில் தடா அருவி. இரண்டும் ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டத்துக் காப்புக்காடுகள். ஆனால் விடுமுறை நாளில் அங்கே போகிறவர்களில் பெரும்பகுதி சென்னை, திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஆட்கள். காடு ஓர் அரசின் கையில் இருக்கிறது, போகிறவர் இன்னோர் அரசின் குடிமகன். விபத்து நடந்தால் மட்டுமே இரு தரப்பும் பேசிக்கொள்கின்றன. தனியாகவோ இரண்டு மூன்று பேராகவோ மலையேற வருகிறவருக்கு இரு மாநிலமும் சேர்ந்து ஒப்புக்கொள்ளும் எளிய அனுமதி முறை ஒன்று உடனே வேண்டும் என்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் கும்மிடிப்பூண்டி மேம்பாலத்தருகே நின்று பார்த்தால் யாருக்காக இதைக் கேட்கிறோம் என்பது தெரியும். இரவு ஷிப்ட் முடித்துக் கண் சிவந்து வந்த பையன்கள் இரண்டு பைக்கில் நான்கு பேராகக் கிளம்புகிறார்கள். தோளில் கம்பெனி கொடுத்த பை, அதற்குள் ஒரு துண்டு, தண்ணீர் பாட்டில், நான்கு பிரியாணிப் பொட்டலம். காலில் செருப்பு. பாதிப்பேர் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒடிசா, பீகார், அசாமிலிருந்து வந்தவர்களும் உண்டு. அவர்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் ஓய்வு, அதிலும் ஓவர்டைம் வந்தால் அதுவும் இல்லை. பத்து நாள் முன்பே இணையத்தில் பதிவு செய்து, குழுவாகச் சேர்ந்து, ஆயிரம் ரூபாய் கட்டிவிட்டு வா என்று இவர்களிடம் சொல்வதும் வராதே என்று சொல்வதும் ஒன்றுதான். வராதே என்றாலும் வருவார்கள். செக்போஸ்ட் இல்லாத பக்கவாட்டு ஒற்றையடிப் பாதையில் வருவார்கள். அங்கே அவர்கள் பெயரை எழுதிக்கொள்ள ஆளில்லை.

இந்த எல்லை ஒன்றும் ஆதிகாலத்துக் கோடு அல்ல. இரு மாநில எல்லைச் சிக்கலில் வந்த படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. அதே நாளில் அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களிலிருந்து சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. திருத்தணி வந்தது ம.பொ.சி. உள்ளிட்டோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் விளைவு. கோடு போட்டபின் ஊர்கள் பிரிந்தன, உறவு பிரியவில்லை. இன்றும் சத்தியவேட்டில் பெண் கொடுத்து ஊத்துக்கோட்டையில் பெண் எடுக்கிறார்கள், இரண்டு மொழியிலும் பேரம் பேசுகிறார்கள். காட்டு நிர்வாகம் மட்டும் அந்தக் கோட்டின் இருபுறமும் முதுகைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

அனுமதியே எதற்கு, காடு எல்லோருக்கும் பொதுதானே என்று கேட்பவர்களோடு நாம் உடன்படவில்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ஆந்திரச் சட்டமும் அப்படித்தான். சட்டம் கிடக்கட்டும். நாகலாபுரத்து மடுக்களில் ஒரு விடுமுறைக்குப் பின் உடைந்து கிடக்கும் பீர் பாட்டில்களையும், பாறை இடுக்கில் மிதக்கும் பிளாஸ்டிக் தட்டுகளையும் பார்த்த எவரும் கட்டுப்பாடே வேண்டாம் என்று சொல்லமாட்டார். வெளியே பார்க்க அமைதியாக இருக்கும் மடுவின் அடியில் பாறைப் பிளவுகள் உண்டு. நீச்சல் தெரிந்தவரும் மாட்டிக்கொள்வார். தடா அருவியிலும் நாகலாபுரத்திலும் மூழ்கி இறந்தவர்கள் பற்றிய செய்திகள் இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல.

ஆனால் அனுமதிச் சீட்டு எதற்கு என்பதில்தான் நம் அரசுகள் தடுமாறுகின்றன. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி 23 பேர் இறந்தார்கள். அதுவும் எல்லை மலைதான். மேலே ஏறினால் கேரளம். டாப் ஸ்டேஷன் வரைக்கும்தான் அனுமதி, கொழுக்குமலைப் பாதைக்கு இல்லை என்று அன்று வனத்துறை விளக்கம் சொன்னது. அந்த விளக்கம் முழுக்கச் சரியென்றே வைத்துக்கொள்வோம். கீழே சீட்டுக் கொடுத்த பிறகு யார் எந்தப் பாதையில் போனார்கள் என்று பார்க்க ஏற்பாடு இல்லை என்பதைத்தானே அது ஒப்புக்கொள்கிறது? தீ பரவிய அந்த மாலையில் மலைமேல் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கே மாறி மாறி வந்தது.  பணம் வாங்கிக்கொண்டு ஒருவரை உள்ளே விடும் அரசு, அவர் வெளியே வந்தாரா என்று பார்க்கவும் கடமைப்பட்டது. இந்தப் பாதிக் கடமையை விட்டுவிட்டு மற்றப் பாதியை மட்டும் செய்வதற்குப் பெயர் வசூல்.

குரங்கணிக்குப் பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டம் வந்தது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். இணையத்தில் பதிவு, பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகள், காட்டுத்தீப் பருவத்தில் பாதைகளை மூடுவது என்று நல்ல அம்சங்கள் பல அதில் உண்டு. பழங்குடி இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலை கொடுத்ததை மனதாரப் பாராட்டுகிறோம். கட்டணம் அதிகம் என்று குரல் எழுந்ததும் விரைவிலேயே குறைத்தார்கள், அதுவும் சரி. நம் மாவட்டத்திலிருந்து அந்தப் பட்டியலில் இடம்பெற்றது குடியம் குகை. பூண்டிக்குப் பக்கத்தில், அல்லிக்குழி மலையில் இருக்கிறது. நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்த அதே ஆண்டு, கொற்றலை ஆற்றங்கரையில் அத்திரம்பாக்கத்தையும் கண்டார். அங்கே தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் செய்த ஆய்வு, கற்கருவிகளின் வயதைச் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்குக் கொண்டுபோனது. அந்த ஆதிமனிதர் நடமாடிய பகுதியின் குகைதான் குடியம். கற்கால மனிதன் ஒதுங்கிய பாறை நிழலில் ஒரு பள்ளி மாணவி நின்று பார்க்கிறாள் என்றால் அதைவிடப் பெரிய பாடம் இல்லை. அங்கே பொறுப்பான அனுமதி முறை சாத்தியமென்று நம் வனத்துறையே காட்டியிருக்கிறது.

அப்படியானால் அதே மாவட்டத்துக்காரர் குடியத்திலிருந்து வண்டியில் போய்விடக்கூடிய தொலைவில் இருக்கும் நாகலாபுரத்துக்குப் போக நினைத்தால் என்ன செய்வது? தமிழகப் பதிவுத் தளத்தில் அந்த மலை இல்லை, இருக்கவும் முடியாது. இன்றைக்குப் பாதை திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்று ஊத்துக்கோட்டை பேருந்து நிலையத்தில் ஒரு பலகைகூடக் கிடையாது. அடிவாரத்துக்குப் போய், அன்றைக்குக் காவலில் நிற்பவர் என்ன சொல்கிறாரோ அதுதான் விதி.

தனியாக வருகிறவர் விஷயத்தில் உலகம் முழுக்கவே அரசுகளுக்கு ஒரு பயம் உண்டு. நம் நாட்டின் இமயமலை எல்லைப் பகுதிகள் பலவற்றுக்குப் போக வெளிநாட்டவர் சிறப்பு அனுமதி பெற வேண்டும். பொதுவாக இருவராவது சேர்ந்து வந்தால்தான் அது கிடைக்கும். விளைவு என்ன? லடாக்கின் லே கடைத்தெருவில் முன்பின் தெரியாத இருவரின் பெயரை ஒரே தாளில் சேர்த்து அனுமதி வாங்கிக் கொடுப்பது முகவர்களின் வெகுநாள் வழக்கமாயிற்று. தாளில் இருவர், மலையில் ஒருவர். காணாமல் போனால் தேடுகிறவர் இருவரைத் தேடுவார். நேபாளம் 2023 ஏப்ரல் முதல் மலையேறும் அயல்நாட்டவர் வழிகாட்டி வைத்தே தீர வேண்டும் என்றது. எவரெஸ்ட் அடிவாரமான கும்பு பகுதியின் உள்ளாட்சியே அதை ஏற்கவில்லை. மறுபுறம் லடாக் நிர்வாகம் 2021 ஆகஸ்டில் இந்தியர்கள் எல்லைப் பகுதிகளுக்குப் போகப் பெற வேண்டியிருந்த உள்கோட்டு அனுமதியை நீக்கியது. சீன எல்லையை ஒட்டிய இடத்திலேயே விதியைத் தளர்த்த முடிகிறபோது, சென்னையிலிருந்து இரண்டு மணி நேரத்தில் போகும் மலைக்கு ஒழுங்கான விதி எழுத முடியாதா?

ஆந்திர வனத்துறையின் தயக்கத்துக்குக் காரணம் உண்டு. செம்மரக் கடத்தல் அந்த மலைத்தொடர்களைப் பல்லாண்டாக அரிக்கிறது. 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழகத்து ஏழைக் கூலிகள். அந்த ரத்தம் இரு மாநிலத்துக்கும் நடுவே இன்னும் காயவில்லை. காட்டுக்குள் தமிழ் பேசிக்கொண்டு வரும் அறிமுகமில்லாத ஆளை அங்கே சந்தேகத்தோடு பார்ப்பதற்குப் பின்னால் இந்தக் கதை இருக்கிறது. நாம் கேட்கும் அனுமதி முறை இந்தச் சந்தேகத்துக்குத்தான் மருந்து. கையில் இரு மாநிலமும் ஏற்ற சீட்டு இருப்பவர் யார், இல்லாதவர் யார் என்று காவலருக்குத் தெரிந்துவிடும். எல்லோரையும் தடுத்தால் கடத்தல்காரனும் பயணியும் ஒரே பாதையில்தான் நுழைவார்கள்.

ஆட்கள் போதாது என்பது அடுத்த பதில். உண்மைதான், இரு மாநில வனத்துறையிலும் காலியிடங்கள் நிறைய. ஆனால் இதற்கு வேண்டியது பெரிய படை அல்ல. அடிவாரத்தில் ஒரு மேசை, ஒரு பதிவேடு, ஒரு தொலைபேசி, ஊரிலிருந்தே நான்கு வழிகாட்டிகள். காலையில் வருகிறவர் ஆதாரையும் வீட்டு எண்ணையும் கொடுத்துச் சீட்டு வாங்கட்டும். இணையப் பதிவு இருக்கட்டும், அதுவே ஒரே வழியாக இருக்க வேண்டாம். தனியாக வருகிறவரைத் திருப்பி அனுப்பாமல், அன்றைக்குத் தனியாக வந்த மற்றவர்களோடு சேர்த்து ஒரு வழிகாட்டியைக் கொடுக்கலாம். செலவும் பகிரப்படும், போலிப் பெயரும் வேண்டாம். எந்த மடுவில் இறங்கலாம், எதில் கூடாது என்பதைத் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும் பாறையருகிலேயே எழுதி வையுங்கள். மாலை நான்கு மணிக்குப் பதிவேட்டில் இறங்கியதாகக் கையெழுத்து இல்லாத பெயர் இருந்தால், ஐந்து மணிக்குள் அடிவாரக் காவல் நிலையத்துக்கும் ஊத்துக்கோட்டைக்கும் சேர்த்துத் தகவல் போகட்டும். இருட்டுவதற்கு முன் ஒரு மணி நேரம் என்பது மலையில் ஓர் உயிர். வசூலாகும் பணத்தில் முதல் பங்கு வழிகாட்டிகளுக்கும் அடிவார ஊராட்சிக்கும். கட்டணம் ஒரு தொழிலாளியின் அரை நாள் கூலியைத் தாண்டக் கூடாது.

இரு மாநிலமும் சேர்ந்து வேலை செய்யாது என்று சொல்ல வழியில்லை. 1983-இல் கையெழுத்தான தெலுங்கு கங்கை ஒப்பந்தப்படி கண்டலேற்றிலிருந்து வரும் கிருஷ்ணா நீர் ஊத்துக்கோட்டைக்கு அருகே ஜீரோ பாயின்ட்டில் நம் எல்லைக்குள் நுழைகிறது; எவ்வளவு வந்தது என்று அளந்து பார்க்கிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் பிச்சாட்டூர் அணை திறக்கப்படும்போது ஆந்திர அதிகாரிகள் திருவள்ளூர் நிர்வாகத்துக்குச் சொல்கிறார்கள், ஆரணி ஆற்றங்கரை ஊர்களில் தண்டோரா போடப்படுகிறது. அதே மழை நாகலாபுரத்து மடுக்களையும் நிமிடங்களில் நிரப்புகிறது. கரையோர வீட்டுக்காரருக்குப் போகும் எச்சரிக்கை, அந்த நேரத்தில் மடுவுக்குள் நிற்கும் பையனுக்கும் போக வேண்டாமா? அந்த அழைப்புப் பட்டியலில் இன்னொரு எண்ணைச் சேர்த்தால் போதும்.

முன்மாதிரியும் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. தேனி–இடுக்கி எல்லை மலையில் இருக்கும் கண்ணகி கோயில் ஆண்டுக்கு ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று மட்டும் திறக்கப்படுகிறது. புலிகள் காப்பகத்துக்கு நடுவே, உரிமை யாருக்கு என்ற சச்சரவு ஓயாத இடம். இருந்தும் ஒவ்வோர் ஆண்டும் இரு மாவட்ட ஆட்சியர்களும் முன்கூட்டியே ஒன்றாக உட்கார்ந்து, எந்த வழியில் விடுவது, குடிநீர் எங்கே, மருத்துவர் எங்கே என்று முடிவெடுக்கிறார்கள். ஒரு நாளைக்கு அங்கே செய்வதை ஆண்டு முழுக்க இங்கே செய்யச் சொல்கிறோம், அதுவும் உரிமைச் சச்சரவே இல்லாத மலையில்.

திருவள்ளூர் ஆட்சியர் திருப்பதி ஆட்சியருக்கும் இரு மாவட்ட வன அலுவலர்களுக்கும் கூட்டத்துக்கான கடிதத்தை அனுப்பட்டும். கூட்டம் ஊத்துக்கோட்டையிலோ நாகலாபுரத்திலோ நடக்கட்டும். வழிகாட்டிகளாகப் போகிற அடிவார இளைஞர்களையும், சிப்காட் தொழிற்சங்கங்களின் ஆட்களையும் அதில் உட்கார வையுங்கள். அடுத்த வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அந்த மேசையும் பதிவேடும் அடிவாரத்தில் இருக்க வேண்டும்.