எஸ்டிடி-எரரைத் தனியே பிரியுங்கள்

பாஷ் ஸ்கிரிப்டுகளைச் சோதிக்கும் கருவியான பேட்ஸ்-கோரின் புதிய பதிப்புகளுக்கு மாறிய அணிகளின் சி.ஐ. பதிவுகளில் பிடபிள்யூ02 எச்சரிக்கை வரிசையாக வந்து நிற்கிறது. சோதிக்கப்படும் நிரலை இயக்கும் 'ரன்' கட்டளைக்கு ஃபிளாக் கொடுக்கும் கோப்பு, குறைந்தது 1.5.0 பதிப்பு தேவை என்று முதலில் அறிவிக்க வேண்டும் என்பது விதி. இரண்டு வழிகள் இருக்கின்றன: அந்த ஒரு வரியைச் சேர்ப்பது, அல்லது ஃபிளாக்கையே நீக்கிவிட்டுப் பழைய வழிக்குத் திரும்புவது. வரியைச் சேர்க்க வேண்டும் என்பதும், அதோடு நிற்காமல் எஸ்டிடி-எரரைத் தனியே பிடிக்கும் 'செபரேட்-எஸ்டிடி-எரர்' ஃபிளாக்கை எல்லாச் சோதனைகளிலும் போட வேண்டும் என்பதும் இவ்விதழின் நிலைப்பாடு.

'ரன்' தன் உள்ளே 2>&1 போட்டு எஸ்டிடி-அவுட், எஸ்டிடி-எரர் ஆகிய இரண்டு ஓடைகளையும் $அவுட்புட்டில் கலந்துவிடுகிறது. அதனால் 'ரன்' வரியின் கடைசியில் எஸ்டிடி-எரரை டெவ்-நல்லுக்குத் திருப்பினாலும் பலனில்லை. பிழைச்செய்தி $அவுட்புட்டிலேயே வந்து சேரும். அதே இடத்தில் > போட்டு ஒரு கோப்புக்குத் திருப்பினால் மிஞ்சுவது வெற்றுக் கோப்பு. இரண்டு சமயத்திலும் எச்சரிக்கை ஏதும் வராது.

இதன் விலை என்ன? கிட் டேகைப் படித்துப் பதிப்பு எண்ணை அச்சிடும் ஒரு ஸ்கிரிப்டை எடுத்துக்கொள்வோம். டேக் இல்லாதபோது அது 'டேக் கிடைக்கவில்லை' என்று சொல்லி 1 என்ற நிலையுடன் வெளியேற வேண்டும். எழுதியவர் எக்கோ வரியில் >&2 போட மறந்துவிட்டார். சோதனையோ வெளியேறும் நிலையைப் பார்க்கிறது, $அவுட்புட்டில் அந்தச் சொற்களைத் தேடுகிறது, பச்சை காட்டுகிறது. அந்த ஸ்கிரிப்டை $( ) வழியாக அழைத்து, வெளியேறும் நிலையைப் பார்க்காத டெப்ளாய் ஸ்கிரிப்டோ, பிழை வாக்கியத்தையே பதிப்பு எண்ணாக எடுத்துக்கொண்டு இமேஜுக்குப் பெயரிடக் கிளம்பும்.

கலந்துவரும் வரிகளின் வரிசையும் நம்பத்தக்கதல்ல. பல நிரல்களில் எஸ்டிடி-அவுட் பைப்பில் போகும்போது பஃபரில் தேங்கும், எஸ்டிடி-எரர் உடனே வெளியேறும். $அவுட்புட்டை வரிவரியாகத் தரும் $லைன்ஸின் முதல் வரி எந்த ஓடையிலிருந்து வந்தது என்பதற்கு உத்தரவாதமே இல்லை.

பிழைச்செய்தி வெளியீட்டோடு கலந்து அச்சாகிவிடுகிறது என்ற தொல்லையால் யூனிக்ஸ் எஸ்டிடி-எரரைத் தனியே பிரித்தது. 1975-ல் வந்த ஆறாம் பதிப்பிலேயே அது இருந்தது. போசிக்ஸ் தரநிலையும் கருவிக்குக் கருவி, எஸ்டிடி-எரர் பிழைச்செய்திக்கு மட்டுமே என்று எழுதி வைத்திருக்கிறது. ஆனால் பிழை மறையாமல் காக்கும் வசதிகள் தரநிலைக் குழுக்களின் வாசலில் காத்துக் கிடக்க வேண்டியிருக்கிறது. பைப்பின் நடுவில் ஒரு கட்டளை தோற்றாலும் அதைக் காட்டும் பைப்-ஃபெயில் 2004-ல் பாஷ் 3.0-க்கு வந்தது, போசிக்ஸில் ஏற 2024 ஆயிற்று. இருபது ஆண்டுகள், போசிக்ஸை மட்டும் நம்பிய ஸ்கிரிப்டுகளில் பைப்பின் நடுவில் செத்த கட்டளைகளின் தோல்வி கடைசிக் கட்டளையின் நிலைக்குப் பின்னால் மறைந்துபோனது. பைப்பின் ஒவ்வொரு கட்டளையின் நிலையையும் தரும் பைப்-ஸ்டேட்டஸ் இன்னமும் வெளியேதான் நிற்கிறது. இந்த அலட்சியத்தைச் சோதனைக் கருவிகளும் பின்பற்றுவதுதான் பொறுக்க முடியாதது. ஷெல்-ஸ்பெக் என்ற இன்னொரு சோதனைக் கருவி இரண்டு ஓடைகளையும் பிரித்தே பிடிக்கிறது. எதிர்பாராத எஸ்டிடி-எரர் வந்தால் எச்சரிக்கவும் செய்கிறது. பேட்ஸில் அந்தப் பிரித்தல் கேட்டால்தான் கிடைக்கும்.

பழைய சோதனைகள் உடையும் என்ற வாதம் சரியானதே. பெரிய பதிப்பு மாற்றம் இருப்பதே அதற்காகத்தான். அடுத்த பெரிய பதிப்பில் பிரித்தலை இயல்பாக்கி, கலத்தலுக்கு ஒரு ஃபிளாக்கை வைக்கட்டும். அதுவரை தோல்வியைச் சோதிக்கும் ஒவ்வொரு இடத்திலும் அணிகள் மூன்றையும் பார்க்க வேண்டும்: நிலை பூஜ்யமல்ல, $எஸ்டிடி-எரரில் செய்தி இருக்கிறது, $அவுட்புட் காலியாக இருக்கிறது.