தீவன மூட்டைக்குள் கிராம்பு எண்ணெய்

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் நாடு முழுவதும் 6,432 பால் மாதிரிகளைச் சோதித்தது. கலப்படத்தைவிட அதிகக் கவலை தந்தது அஃப்ளடாக்சின் எம்1 என்னும் நஞ்சு. வரம்பு மீறிய மாதிரிகள் தமிழ்நாட்டில்தான் அதிகம். இந்த நஞ்சை யாரும் பாலில் கலப்பதில்லை. பூஞ்சணம் பிடித்த கடலைப் புண்ணாக்கையும் மக்காச்சோளத்தையும் மாடு தின்கிறது. நஞ்சு மடிக்கு வந்துவிடுகிறது. காய்ச்சினாலும் அது போகாது. குழந்தைகள் குடிக்கும் பாலில் புற்றுநோய்க் காரணி இருப்பதை நாம் எத்தனை ஆண்டுகள் பொறுத்துக்கொள்வது?

கிடங்கில் வைக்கும் புகைமூட்ட மாத்திரை வண்டைத்தான் கொல்லும். பெரிய தீவன ஆலைகள் புரோபியானிக் அமிலம் சேர்க்கின்றன. இரண்டு மாடு வைத்திருப்பவரின் வீட்டு மூலையில் கிடக்கும் புண்ணாக்கு மூட்டைக்கோ எந்தக் காவலும் இல்லை.

கிராம்பு எண்ணெயிலுள்ள யூஜெனாலும் ஓம எண்ணெயிலுள்ள தைமாலும் பூஞ்சணத்தின் செல்சவ்வைச் சிதைக்கின்றன. ஆனால் எண்ணெயை அப்படியே தெளித்தால் விரைவில் ஆவியாகிவிடும். நெடி தாங்காமல் மாடு தீவனத்தை ஒதுக்கவும் கூடும். இதற்கு விடை நுண்ணுறை. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானிலோ, மாவுப்பொருளிலிருந்து செய்யும் சைக்ளோடெக்ஸ்ட்ரினிலோ எண்ணெயைப் பொதிந்துவைத்தால் அது சிறிது சிறிதாகக் கசியும். சைக்ளோடெக்ஸ்ட்ரின் உறையில் இன்னொரு நன்மை: காற்றில் ஈரம் ஏறும்போது எண்ணெய் கூடுதலாக வெளிப்படும். பூஞ்சணம் தலைதூக்குவதும் அந்த ஈரத்தில்தானே! காசி இந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கைட்டோசான் உறையிட்ட எண்ணெய்களை அஃப்ளடாக்சினுக்கு எதிராகச் சோதித்து, ஊக்கமளிக்கும் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். கன்னியாகுமரி மலைகளில் கிராம்பு விளைகிறது. தூத்துக்குடியின் இறால் ஆலைகளில் ஓடு குவிகிறது. மூலப்பொருளுக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை.

நன்றாகக் காயவைத்தாலே போதுமே என்பார்கள். உண்மைதான், உலர்களத்துக்கு மாற்று எதுவும் இல்லை. ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் காய்ந்த புண்ணாக்கும் மூட்டைக்குள்ளேயே ஈரம் இழுக்கிறது. அந்த வாரங்களுக்குத்தான் இந்தக் காப்பு. ஏற்கெனவே ஊறிய நஞ்சை எந்த எண்ணெயும் அகற்றாது. கெட்ட சரக்கை விற்றுத்தள்ள இது வழியாகிவிடக் கூடாது.

ஆய்வகக் குடுவையில் வென்றது சணல் சாக்கில் வெல்லுமா என்பதை நம் கிடங்குகளில்தான் பார்க்க முடியும். கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் ஆவினும் சேர்ந்து, வரும் வடகிழக்குப் பருவமழையில் இந்தச் சோதனையை நடத்த வேண்டும். பூஞ்சணம் குறைகிறதா, மாடு விரும்பித் தின்கிறதா, பாலில் வாசம் ஏறுகிறதா, கிலோவுக்கு என்ன செலவு ஆகிறது என எல்லா முடிவுகளையும், தோல்வியையும் சேர்த்து, மக்கள் முன் வைக்க வேண்டும். அதற்கான நிதியைக் கால்நடைப் பராமரிப்புத் துறை இந்த ஆண்டே ஒதுக்கட்டும். அதுவரை, பூஞ்சணம் கண்ட புண்ணாக்கைக் கறவை மாட்டுக்கு வைக்காதீர்கள்.