நடிகர் படமும் செதுக்கியவர் பெயரும்

எம்.ஜி.ஆர்., சிவாஜி படங்களை வீட்டுச் சுவரில் ஒட்டியவர்கள் அல்லவா நாம்? ஜப்பானியர் 200 ஆண்டுகளுக்கு முன்பே கபுகி நாடக நடிகர்களின் படங்களை ஆசையாக வாங்கியிருக்கிறார்கள். 1629இல் பெண்கள் மேடையேறத் தடை வந்தது. பிறகு நம் தெருக்கூத்தைப் போல் ஆண்களே பெண் வேடமும் கட்டினார்கள்.

2021இல் சிங்கப்பூர் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் இத்தகைய பழைய மர அச்சுப் படங்கள் 150க்கு மேல் காட்சிக்கு வந்தன. நடிகர்களும் அவற்றில் இருந்தார்கள்.

ஓவியர் வரைந்து கொடுப்பதோடு சரி. செதுக்குபவர் அந்தத் தாளைச் செர்ரி மரப் பலகையில் ஒட்டி வெட்டுவார். தலைமுடியை இழை இழையாக வெட்டுவது தேர்ந்த கைக்கே விடப்படும். நிறத்துக்கு ஒரு பலகை. அச்சிடுபவர் ஒவ்வொன்றின் மேலும் தாளை வைத்துக் கையாலேயே தேய்த்து எடுப்பார். மூலையில் வெட்டிய அடையாளத்தில் தாள் சரியாக உட்காராவிட்டால், உதட்டுச் சிவப்பு கன்னத்தில் விழும்!

படத்தில் ஓவியர் பெயர் இருக்கும். பதிப்பாளர் முத்திரை இருக்கும். மற்ற இருவர் பெயர் பெரும்பாலும் இராது. நீங்கள் பறிக்கும் கொழுந்து டின்னில் ஏறும்போது யார் பெயரைப் போடுகிறார்கள்?

சில படங்களில் மட்டும் செதுக்கியவரின் சின்னஞ்சிறு முத்திரை உண்டு. கண்ணருகே பிடித்துத் தேட வேண்டும்.