பத்திரம் பதிந்தால் மட்டும் போதுமா?
வெளிநாட்டில் இருந்து மனை வாங்குவோர் உஷார்!

நாகர்கோவில்:

"பத்திரம் பதிஞ்சாச்சு, இனி என்ன பயம்?" என்கிறார்கள், துபாய், மஸ்கட்டில் உழைத்து ஊரில் 5 சென்ட் வாங்குவோர்.

பயம் உண்டு! பதிவு ஒன்றே உரிமைக்கு முடிவான சாட்சி ஆகாது என்று 2025 நவம்பரில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

குமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது 1956-ல். அதற்கு முந்திய முன்னாதாரங்கள் பல மலையாளத்தில் இருக்கும். விட்டுப்போன வாரிசின் பங்கு அதில்தான் தெரியும். படிக்கத் தெரிந்த வக்கீலிடம் காட்டணும்.

'பவர்' வைத்து விற்கிறாரா? எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். அவர் இறந்தால் பொதுவாக பவர் செல்லாது.

நகல் மட்டும் நீட்டினால், அசல் அடகில் இருக்கலாம். வில்லங்கச் சான்றை உங்கள் ஆளே எடுக்கட்டும்.

பணம் அனுப்புமுன் பக்கத்து மனைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கச் சொன்னால் காசா செலவு?