‘யாருக்குத் தெரியும்?’ என்பது பதில் அல்ல

பண்டமாரான் ஒட்டுக்கடையில் சீஃபீல்ட் பேச்சை எடுத்துப் பாருங்கள். "அதெல்லாம் யாருக்குத் தெரியும் தம்பி" என்பார்கள். கேட்க ஞானம் மாதிரி இருக்கும். எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

2018 நவம்பர் 26, 27 தேதிகளில் சுபாங் ஜெயா சீஃபீல்ட் மாரியம்மன் கோவிலில் கலவரம். கடமைக்கு வந்த தீயணைப்பு வீரர் முகமட் அடிப் படுகாயமடைந்து டிசம்பர் 17-இல் இறந்தார். வயது 24. அந்த மூன்று வாரத்தில் எந்த வாட்ஸ்அப் குழுவாவது ‘யாருக்குத் தெரியும்’ என்றதா? இழுத்துப் போட்டு அடித்தார்கள் என்று ஒரு பக்கம், தீயணைப்பு வண்டியே மோதியது என்று நம் பக்கம். ஆதாரம் வருவதற்கு முன்பே எல்லாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

மணிமேகலையில் அளவைவாதி அறிவுக்கான வழிகள் பத்தை அடுக்குகிறான். அதில் ஒன்று ஐதிகம். ஊர் சொல்வதால் மரத்தில் பேய் உண்டு என்று நம்புவது. அறவண அடிகளோ காண்டல், கருதல் இரண்டை மட்டுமே ஏற்கிறார். நம் ஃபார்வர்ட் மெசேஜ் எல்லாம் அந்த மரத்துப் பேய்தான்.

2019 செப்டம்பர் 27-இல் மரண விசாரணை நீதிமன்றம், அடையாளம் தெரியாத, இரண்டு மூன்று பேருக்கும் மேற்பட்டவர்களின் குற்றச்செயலே மரணத்துக்குக் காரணம் என்றது. தடயவியல் நிபுணர்கள் முரண்பட்டதையும் கேட்டபிறகு வந்த முடிவு இது.

இதில் இரண்டு பகுதி உண்டு. ‘குற்றச்செயல்’ என்பதை ஏற்கணும். சந்தேகம் இருந்தால் அதற்கும் ஆதாரம் வேணும். ‘அடையாளம் தெரியாதவர்கள்’ என்ற இடத்தில்தான் தீர்ப்பை நிறுத்தி வைக்கணும். அந்தப் பக்கத்தில் பலர் அங்கே ‘இந்தியர்’ என்று எழுதிக்கொண்டார்கள். நாமோ ‘குற்றச்செயல்’ என்பதை அழித்துவிட்டு, தத்துவம் பேசுகிறோம்.

2009 ஜனவரியில் அதே சுபாங் ஜெயாவில் குகன் போலீஸ் காவலில் இறந்தார். முதல் பிரேதப் பரிசோதனை நுரையீரலில் நீர் என்றது. ‘யாருக்குத் தெரியும்’ என்று நாம் வீட்டுக்குப் போகவில்லை. குடும்பம் இரண்டாவது பரிசோதனைக்குப் போராடியது. அடிகளால் வந்த சாவு என்று அது காட்டியது. அன்றைக்கு ஆதாரத்தைக் கேட்கத் தெரிந்த நமக்கு, அடிப் விஷயத்தில் மட்டும் ஏன் தெரியாமல் போனது?