மலிவும் கலப்பும்

'விலை குறைந்த பெட்ரோல் வண்டிக்கு ஆகாது' என்னும் கூற்று நம்மிடையே ஏறக்குறையப் பழமொழியின் தகுதியை எட்டிவிட்டது. ஒரு தனியார் பங்க் லிட்டருக்கு ஒரு ரூபாய் குறைத்து விற்றால், அதைத் தாண்டிச் சென்று பழகிய பங்கின் வரிசையில் நிற்பவர்கள் உண்டு. வரி குறைவான புதுச்சேரியில் நிரப்பிக்கொண்டு வருபவரிடம், அங்கே கிடைப்பது 'தண்ணிப் பெட்ரோல்' என்று எச்சரிப்பவர்களும் உண்டு. காஞ்சிபுரத்துப் பட்டறைகளிலும், கூரம் போன்ற சுற்றுவட்டக் கிராமங்களின் தேநீர்க் கடைகளிலும் இதே பேச்சுத்தான். குறைந்த விலையில் ஒரு சூது ஒளிந்திருக்க வேண்டும் என்ற இந்த ஐயம் எவ்வளவு தூரம் சரியானது?

நூல்களையும் நூலாசிரியர்களையும் பற்றிப் பேசும் இடத்தில் பெட்ரோலுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். விலை, தரம், நம்பிக்கை ஆகிய மூன்று சொற்களை நம் சமூகம் எப்படிப் பொருள்கொள்கிறது என்பது மொழியைச் சேர்ந்த கேள்வியும்தான் என்பது எங்கள் விடை. தவிரவும், எங்களில் பெரும்பாலோர் இருசக்கர வண்டியில் போகிறவர்களே.

முதலில் இந்த ஐயத்தின் பிறப்பிடத்தைப் பார்ப்போம். அது மூடநம்பிக்கை அன்று. காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலை வாங்கச் செல்பவர், பாதி விலைக்கு ஒரு சேலையைக் கண்டால் தயங்குவது அறிவுடைமை. அசல் ஜரிகையில் வெள்ளி இருக்கிறது, தங்கப் பூச்சு இருக்கிறது, உள்ளே பட்டு நூல் இருக்கிறது. இவற்றுக்கு ஒரு விலை உண்டு. அதற்கும் கீழே விற்கப்படும் சேலையில் ஏதோ ஒன்று குறைந்தே ஆக வேண்டும். பட்டு நூலை எரித்துப் பார்த்தால் முடி கருகிய வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். செயற்கை இழை உருகித் திரண்டு கட்டியாகும். நெசவாளர் குடும்பத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த சோதனை இது. விலையும் பொருளும் ஒன்றோடொன்று பிணைந்த சந்தையில் தலைமுறைகளாக வாழ்ந்த மக்கள் அதே அளவுகோலைப் பெட்ரோலுக்கும் நீட்டியதில் வியப்பில்லை.

ஆனால் பெட்ரோலின் விலை அப்படி உருவாவதில்லை. நாம் தரும் பணத்தில் பெரும்பகுதி கச்சா எண்ணெயின் விலையும் வரியும். சுத்திகரிப்பு, போக்குவரத்து, விற்பனையாளர் கமிஷன் எல்லாம் மிச்சத்தில் அடங்கும். தரத்தின் கீழெல்லை சட்டத்தால் வரையறுக்கப்பட்டது. ஐ.எஸ். 2796 என்னும் இந்தியத் தர நிர்ணயம் ஆக்டேன் எண், கந்தக அளவு, அடர்த்தி முதலியவற்றை வகுத்திருக்கிறது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 தரம் நடைமுறைக்கு வந்தபோது, பெட்ரோலில் கந்தகத்தின் மேலெல்லை பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. இந்த வரையறை அரசு நிறுவனத்துக்கு ஒன்று, தனியாருக்கு வேறு என்று இல்லை. அரசு எண்ணெய் நிறுவனங்களோ, போக்குவரத்துச் செலவைக் குறைப்பதற்காக ஒருவர் ஆலையில் எடுத்ததை மற்றவர் விற்றுக்கொள்ளும் ஏற்பாட்டை நெடுநாளாகப் பின்பற்றுகின்றன. பெயர்ப்பலகையின் நிறம் மாறும் இடமெல்லாம் பெட்ரோலும் மாறுகிறது என்று கொள்வதற்கில்லை.

விலை வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பதற்கு நம் அனுபவத்திலேயே சான்றுகள் உண்டு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு லிட்டருக்கு மூன்று ரூபாய் வரியைக் குறைத்தது. 2022 மே மாதத்தில் மத்திய அரசு எட்டு ரூபாய் குறைத்தது. அந்த இரவுகளில் பெட்ரோலின் தரம் மூன்று ரூபாய்க்கோ எட்டு ரூபாய்க்கோ இறங்கிவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. 2023இல் நயாரா நிறுவனம் தன் பங்க்குகளில் ஒரு ரூபாய் குறைத்து விற்றதே, அது வாடிக்கையாளர்களை இழுக்கும் வணிக உத்தி. கச்சா எண்ணெயின் விலை இறங்கியிருந்த காலம் அது. இலாபத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுக்க இடம் இருந்தது. புதுச்சேரியின் மலிவும் வரிப் பட்டியலின் மலிவே.

மேலை நாடுகளில் இதே கேள்வி பேரங்காடிகளை முன்வைத்துக் கேட்கப்படுகிறது. காய்கறியும் ரொட்டியும் விற்கும் கடை தன் வாசலில் பெட்ரோலையும் மலிவாக விற்கிறது. அது எஞ்சினைக் கெடுக்குமா என்று பிரிட்டனில் பல்லாண்டுகளாக விவாதம் நடக்கிறது. ஐயப்படுவோர் சுட்டிக்காட்டும் நிகழ்ச்சி 2007இல் நடந்தது. அவ்வாண்டு பிப்ரவரி இறுதியில் தென்கிழக்கு இங்கிலாந்தில் ஏராளமான கார்கள் திணறி நின்றன. டெஸ்கோ, மாரிசன்ஸ் முதலிய பேரங்காடிகளின் பெட்ரோலில் சிலிக்கான் கலந்து, கார்களின் ஆக்சிஜன் சென்சார்களைப் பாழாக்கியிருந்தது. ஆனால் விசாரித்தபோது தெரிந்தது என்ன? குற்றம் விலையில் இல்லை. எசெக்ஸ் பகுதியில் உள்ள ஒரு சேமிப்புக் கிடங்கில் நேர்ந்த மாசு அது. அந்தக் கிடங்கிலிருந்து எடுத்து அதிக விலைக்கு விற்றிருந்தாலும் கார்கள் நின்றிருக்கும்.

மறுதரப்பில் ஓர் உண்மையும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. சட்டம் விதிக்கும் கீழெல்லைக்கு மேலே, எஞ்சினின் உட்பகுதியில் கரி படியாமல் தடுக்கும் வேதிப்பொருள்களைச் சிலர் கூடுதலாகச் சேர்க்கிறார்கள், சிலர் சேர்ப்பதில்லை. அமெரிக்காவில் கார் நிறுவனங்கள் சில சேர்ந்து 2004இல் 'டாப் டியர்' என்ற தரமுத்திரையை உருவாக்கின. அந்நாட்டு வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2016இல் வெளியிட்ட ஆய்வில், முத்திரை பெறாத பெட்ரோலில் ஓடிய எஞ்சின்களின் வால்வுகளில் சராசரியாக 19 மடங்கு அதிகப் படிவு காணப்பட்டது. அப்படியானால் மலிவு கெட்டதுதானே என்று முடிவு கட்ட வேண்டாம். மலிவுக்குப் பெயர்போன காஸ்ட்கோவின் பெட்ரோலும் அந்த முத்திரையைப் பெற்றதே. சேர்மானம் உண்டா இல்லையா என்பதுதான் வேறுபாடு. விலை அதைக் காட்டிக்கொடுப்பதில்லை. அதிக விலை கொடுத்து உயர் ஆக்டேன் பெட்ரோலை வாங்கி, அதற்கென வடிவமைக்கப்படாத மொபெட்டில் ஊற்றுவதால் அந்த மொபெட் குதிரையாகிவிடுவதும் இல்லை.

இனி, நம் ஐயம் உண்மையில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு வருவோம். எஞ்சினைக் கெடுப்பது கலப்படம். மண்ணெண்ணெய் பெட்ரோலைவிடக் கனமானது, எளிதில் ஆவியாகாதது. கலந்தால் ஆக்டேன் எண் இறங்கும். ஏற்றத்தில் எஞ்சின் தட்டும். பிளக்கில் கரி பிடிக்கும். எரியாமல் எஞ்சியது சிலிண்டரின் சுவர் வழியே கசிந்து எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும். ரேஷன் மண்ணெண்ணெய் மானிய விலையில் கிடைத்த பல பத்தாண்டுகள், அதற்கும் பெட்ரோலுக்கும் இடையிலிருந்த விலைப் பள்ளத்தில் ஒரு பெரும் கள்ளத்தொழில் வளர்ந்தது. அதை எதிர்த்தவர்கள் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். இந்தியன் ஆயில் நிறுவனத்தின் இளம் அதிகாரி எஸ். மஞ்சுநாத், உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரியில் கலப்படம் செய்த பங்க் ஒன்றின் மீது நடவடிக்கை எடுத்ததற்காக 2005 நவம்பர் 19 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். மகாராஷ்டிரத்தின் மன்மாட் அருகே கூடுதல் ஆட்சியர் யஷ்வந்த் சோனவணே 2011 ஜனவரி 25 அன்று எண்ணெய்க் கள்ளர்களால் எரித்துக் கொல்லப்பட்டார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கலப்படக்காரன் ஒருபோதும் மலிவாக விற்பதில்லை. மலிவான சரக்கை முழு விலைக்கு விற்பதில்தான் அவன் இலாபமே இருக்கிறது. பலகையில் விலையைக் குறைத்து எழுதுபவன் ஊரார் கண்ணில் படுகிறான். கலப்படக்காரனுக்கு வேண்டியது கண்ணில் படாமல் இருப்பது. ஆகவே குறைந்த விலையைக் கண்டு அஞ்சும் நம் பழக்கம், திருடன் வராத வாசலுக்குப் பூட்டுப் போடுவதாகும்.

சட்டப்படியே நடக்கும் ஒரு கலப்பும் இருக்கிறது. பெட்ரோலில் எத்தனால் கலக்கும் திட்டம் 2003இல் சில மாநிலங்களில் ஐந்து விழுக்காட்டில் தொடங்கியது. 2022இல் பத்து விழுக்காட்டை எட்டியது. 2030க்கு என்றிருந்த இருபது விழுக்காட்டு இலக்கு முன்னே இழுக்கப்பட்டு 2025இல் நிறைவேறியது. இதைத் தீமை என்று நாம் சொல்லவில்லை. அந்நியச் செலாவணி மிச்சமாகிறது. கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் சந்தை கிடைக்கிறது. எத்தனாலின் ஆக்டேன் எண்ணும் உயர்வானதே. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல், ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால், லிட்டருக்கு ஆறிலிருந்து ஏழு விழுக்காடு ஆற்றல் குறைவு. எஞ்சினின் தகவமைப்பு இதில் ஒரு பகுதியை ஈடுகட்டலாம். பழைய இருசக்கர வண்டிகளில் எரிபொருள் திறன் மூன்று முதல் நான்கு விழுக்காடு குறையும் என்று நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கையே மதிப்பிட்டது. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டுகளையும் மாற்ற நேரலாம் என்பதை 2025 ஆகஸ்டில் பெட்ரோலிய அமைச்சகமும் ஒப்புக்கொண்டது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மாதம் இருபது லிட்டர் போடும் ஒருவர், லிட்டருக்கு ஒரு ரூபாய் குறைவான பங்கைத் தவிர்ப்பதால் இழப்பது இருபது ரூபாய். அவரது பழைய வண்டியின் திறன் மூன்று நான்கு விழுக்காடு குறைந்தால், மாதம் முக்கால் லிட்டர்வரை கூடுதலாகச் செலவாகும். கணக்கின் எளிமைக்காக லிட்டர் நூறு ரூபாய் என்று கொண்டால், இழப்பு அறுபது முதல் எண்பது ரூபாய். முதல் இழப்பை அவரே தேடிக்கொள்கிறார். இரண்டாவது அவரிடம் சொல்லப்படுவதுகூட இல்லை.

அதே நிதி ஆயோக் அறிக்கை இரண்டு பரிந்துரைகளையும் செய்திருந்தது. எத்தனால் கலந்த பெட்ரோலின் விலை, குறையும் ஆற்றலுக்கு ஈடாகச் சாதாரணப் பெட்ரோலைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. பழைய வண்டிகளுக்காகப் பத்து விழுக்காட்டுக் கலவை தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பது மற்றொன்று. கொள்முதல் விலை ஏறிவிட்டது, 2024-25இல் எத்தனால் சராசரியாக லிட்டருக்கு 71.32 ரூபாய்க்கு வாங்கப்பட்டது, ஆகவே விலைக்குறைப்புக்கு இடமில்லை என்று அரசு சொன்னது. வாதத்தில் பொருள் இருக்கலாம். ஆனால் தெரிவு ஏன் இல்லை, அறிவிப்பு ஏன் இல்லை என்ற கேள்விகளுக்கு அது விடையாகாது. எத்தனால் கலவாத பெட்ரோலும் கிடைக்க வேண்டும், கலவையின் அளவைப் பங்கில் எழுதிவைக்க வேண்டும் என்று கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. நீதிமன்றத்தின் கதவு அடைபட்டதால் கேள்வியின் நியாயம் அடைபட்டுவிடாது.

எதில் எவ்வளவு என்று எழுதிவைப்பது நமக்குப் புதிய வழக்கமா என்ன? முதலாம் பரமேசுவரவர்மன் ஏழாம் நூற்றாண்டில் வழங்கிய கூரம் செப்பேடு, கொடையளித்த ஊரை இருபத்தைந்து பங்காகப் பிரித்துச் சொல்கிறது. கோயில் பூசைக்கும் பழுதுபார்ப்புக்கும் மூன்று பங்கு, மண்டபத்தின் நீருக்கும் நெருப்புக்கும் ஒரு பங்கு, அங்கே பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு, ஏனையவை மறையோருக்கு என்று செம்பில் வெட்டியிருக்கிறார்கள். அந்தப் பங்கீடு நியாயமானதா என்று இன்று நாம் வாதிடலாம். வாதிட முடிவதற்குக் காரணம், அது எழுதப்பட்டிருப்பதுதான். ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கு நெருப்பைக்கூடக் கணக்கில் எழுதிய ஊரில், இன்று வண்டியின் தொட்டிக்குள் இறங்கும் நெருப்பில் எது எத்தனை பங்கு என்று ஒரு பலகையில் எழுதக் கூடாதா?

ஆகவே எங்கள் கருத்து இது. மலிவான பெட்ரோல் எஞ்சினைக் கெடுக்காது. சொல்லாமல் கலந்த பெட்ரோல் கெடுக்கும். சொல்லாமல் கலந்த நல்லதும் வண்டிக்காரரின் பையைக் கரைக்கும். விலைப்பலகையை ஐயத்தோடு பார்ப்பதை நிறுத்திவிட்டு, பங்கில் நமக்கு இருக்கும் உரிமைகளைப் பயன்படுத்துவோம். வடிகட்டுத் தாளில் ஒரு துளி விட்டால், நல்ல பெட்ரோல் சில நிமிடங்களில் கறையின்றி ஆவியாக வேண்டும். அடர்த்திமானியைக் கேட்டால் காட்ட வேண்டும். அன்றைய பதிவேட்டு எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். ஐந்து லிட்டர் அளவைக் கலத்தில் ஊற்றிக் காட்டச் சொல்லலாம். இந்தச் சோதனைகள் எல்லாக் கலப்படத்தையும் பிடித்துவிடா. எனினும் வாடிக்கையாளர் கேட்பார் என்ற எண்ணமே ஒரு காவல். பட்டு நூலின் ஓர் இழையை எரித்துப் பார்த்த பின்பே பணத்தை எண்ணிக் கொடுத்த ஊர்க்காரர்கள் நாம். பெட்ரோலுக்கு மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறோம்?