அன்னை என்ற பட்டமும் ஆயிரம் ரூபாயும்

உத்தராகண்ட் அரசுப் பள்ளிகளில் மதிய உணவு சமைக்கும் பெண்களை 'போஜன்மாதா' என்று அழைக்கிறார்கள். உணவூட்டும் அன்னை என்பது அதன் பொருள். 2021 டிசம்பரில், சம்பாவத் மாவட்டத்தின் பள்ளி ஒன்றில் தலித் பெண் ஒருவர் அந்தப் பணியில் அமர்த்தப்பட்டார். ஆதிக்க சாதி மாணவர்கள் அவர் சமைத்த உணவை உண்ண மறுத்தனர். நிர்வாகமோ, நியமன நடைமுறையில் குறை இருப்பதாகக் கூறி அவரையே வேலையிலிருந்து நீக்கியது. நாடெங்கும் கண்டனம் எழுந்த பின்னரே அவருக்கு மீண்டும் வேலை கிடைத்தது. அன்னையாக இருப்பதற்கும் சாதிச் சான்றிதழ் கேட்கும் சமூகம் இது.

இதைச் சாதிவெறியின் ஒரு தனி நிகழ்வாக மட்டும் கண்டால் பாதி உண்மையே விளங்கும். ஒருவரை எந்தப் பெயரால் அழைக்கிறோம் என்பதைக் கொண்டு உறவுகள் அமைவதில்லை. உற்பத்தியிலும் குடும்பத்திலும் சாதியப் படிநிலையிலும் அவரவர் நிற்கும் இடமே உறவைத் தீர்மானிக்கிறது. அந்த இடத்தை மறைக்க வேண்டிய தேவை எழும்போதெல்லாம் ஆளும் வர்க்கம் உறவுமுறைப் பெயர்களை நாடுகிறது. மதிய உணவுப் பணியாளருக்கு ஒன்றிய அரசு 2009இல் நிர்ணயித்த மதிப்பூதியம் மாதம் 1,000 ரூபாய். அதுவும் ஆண்டில் பத்து மாதங்களுக்கு மட்டுமே. மாநில அரசுகள் சில தம் பங்காகக் கூடுதல் தொகை வழங்குகின்றன. 'அன்னை' என்ற பட்டத்தை அகற்றிவிட்டுப் பார்த்தால், ஒன்றிய அரசின் கையில் எஞ்சுவது இந்த ஆயிரம் ரூபாய்தான்.

2005இல் தொடங்கிய தேசிய ஊரகச் சுகாதார இயக்கத்தின் ஆஷா திட்டத்திலும் இதே தந்திரத்தைக் காணலாம். ஆஷாவாகத் தேர்ந்தெடுக்கப்படுபவர் அதே கிராமத்தில் வசிக்கும் பெண்ணாக இருக்க வேண்டும். திருமணமானவராகவோ, கணவரை இழந்தவராகவோ, மணமுறிவு பெற்றவராகவோ இருக்க வேண்டும் என்கிறது அரசின் வழிகாட்டுதல். மணமாகாத பெண் திருமணத்திற்குப் பின் வேற்றூருக்குச் சென்றுவிடுவாள் என்பதே இதன் பின்னுள்ள கணக்கு. ஊரின் மருமகள் என்ற குடும்ப நிலையே இங்கு வேலைக்கான தகுதியாகிறது. எந்த வீட்டில் கருவுற்ற பெண் இருக்கிறாள், எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி போடவில்லை என்பதை அந்த மருமகள் அறிவாள். அந்த அறிவின் மீதுதான் நாட்டின் ஊரகச் சுகாதாரம் நிற்கிறது. ஆனால் அரசின் ஏடுகளில் அவர் தொண்டர். அவருக்குரியது ஊதியம் ஆகாது, செய்த பணிகளை எண்ணி வழங்கும் ஊக்கத்தொகை. கொரோனாக் காலத்தில் வீடுவீடாகச் சென்ற ஆஷாக்களுக்கு 2022 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம் விருது வழங்கியது. விருதைத் தம் பெருமையாகக் கொண்டாடிய ஆட்சியாளர்கள், விருது பெற்றவர்களைத் தொழிலாளர்களாக ஏற்க மட்டும் முன்வரவில்லை.

1975இல் தொடங்கிய அங்கன்வாடித் திட்டத்தின் அரை நூற்றாண்டு வரலாறும் இதுவே. 2018இல் ஒன்றிய அரசு உயர்த்தி அறிவித்த மதிப்பூதியம் ஊழியருக்கு 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய். இவர்கள் பெறுவது ஊதியமே என்றும், பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்றும் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மதிப்பூதியம் என்ற சொல்லின் திரை நீதிமன்றத்திலேயே கிழிந்த பின்னும் அரசு அச்சொல்லைக் கைவிடவில்லை.

இந்த ஏமாற்று எப்படி நிலைக்கிறது? வீட்டில் சமைப்பது, பிள்ளையை வளர்ப்பது, நோயாளியைப் பேணுவது ஆகியவை பெண்ணின் இயல்பு என்று ஆணாதிக்கக் குடும்பம் ஏற்கெனவே கற்பித்து வைத்திருக்கிறது. அங்கே கூலியின்றிப் பெறப்படும் உழைப்பை அரசு தெருவிற்குக் கொண்டுவந்து, அதே விலையில் வாங்குகிறது.

உறவை ஊதியத்தால் அளந்தால் அன்பு செத்துவிடும் என்று சிலர் கவலைப்படுகின்றனர். ஆசிரியரும் செவிலியரும் மருத்துவரும் ஊதியம் பெறுகின்றனர். அதனால் அவர்களது அக்கறை பொய்யென்று எவரும் சொல்வதில்லை. ஏழைப் பெண்ணிடம் மட்டும் அன்பையே கூலியாகப் பெற்றுக்கொள் என்று உபதேசிக்கப்படுகிறது. ஊர்மக்களிடம் ஆஷா கொண்டுள்ள பாசம் மெய்யானது. மெய்யான அந்தப் பாசத்தைச் சுரண்டுவதே அநீதி.

இவ்விமர்சனம் அரசின் வாசலோடு நின்றுவிடக் கூடாது. வீட்டு வேலைத் தொழிலாளரை 'எங்கள் வீட்டுப் பெண் மாதிரி' என்று சொல்லாத நடுத்தர வர்க்க வீடு எது? அந்த வீட்டுப் பெண்ணுக்கு வார விடுமுறை உண்டா? நோயுற்ற நாளுக்குச் சம்பளம் உண்டா? அவர் தேநீர் அருந்தும் குவளை மற்றவற்றோடு அடுக்கப்படுகிறதா, ஜன்னலோரம் தனித்து நிற்கிறதா? வீட்டு வேலைத் தொழிலாளருக்கான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2011ஆம் ஆண்டு உடன்படிக்கையை இந்திய அரசு இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை என்று முழங்கும் உரிமை நமக்கு உண்டு. அதற்கு முன் இந்தக் கேள்விகளுக்குத் தோழர்களின் சமையலறைகள் விடை கூற வேண்டும். கிளைக் கூட்டத்தில் வர்க்க உறவைப் பேசிவிட்டு, வீடு திரும்பியதும் எசமானராகும் ஒருவரின் அரசியலை எந்தத் தொழிலாளி நம்புவார்?

திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக அங்கீகரிக்க வேண்டும், குறைந்தபட்ச ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வழங்க வேண்டும் என்று 2013இல் நடந்த 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் ஒருசேர அமர்ந்த முத்தரப்பு மேடை அது. அந்தப் பரிந்துரையை நிறைவேற்ற வைக்கும் போராட்டத்தை ஒவ்வொரு கிளையும் தன் சொந்தப் பணியாகக் கொள்ள வேண்டும். அன்னை, சகோதரி, மருமகள் என்ற பட்டங்களை அப்பெண்கள் கேட்கவில்லை. தொழிலாளி என்ற பெயரையும் அதற்குரிய உரிமைகளையும் கேட்கின்றனர். ஊதியச் சீட்டில் அந்தப் பெயர் ஏறும் வரை அவர்களோடு தெருவில் நிற்பதே நாம் அவர்களைத் தோழர் என்று அழைப்பதற்கான தகுதி.